உப்பு மிஷினும் வெள்ளிக்கிழமைத் தண்ணீரும்

நீச்சல் குளத்துக்கு மிஷின் மாட்டுகிறவன் என்று சொல்லிக்கொண்டு பெண் பார்க்கப் போயிருந்தால் எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. நல்லவேளை, அப்போது நான் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் பம்பு ஃபிட்டர். அந்தக் கம்பெனி மூடிய பிறகுதான் பாண்டியில் ஆல்பர்ட் சாரிடம் வந்து சேர்ந்தேன். "பம்பு தெரிஞ்சவனுக்கு நீச்சல் கொளம் ஒரு வாரத்துல வந்துடும்" என்று அவர் சொன்னார். எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வடிகட்டி மணல் மூட்டையும் ஆசிட் கேனும் சுமந்ததுதான்.

ஓய்வு பெற்ற பிறகும் கம்பெனிப் பக்கம் போவதுண்டு. போன மாதம் போனபோது புது ஃபிட்டர்கள் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு, எங்கோ வில்லியனூரில் இருக்கும் குளத்தில் உப்பு எவ்வளவு என்று இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஐயா, இதெல்லாம் இல்லாத காலத்துல மிஷின்ல கோளாறுன்னா எப்பிடிக் கண்டுபுடிப்பீங்க?" என்று ஒருவர் கேட்டார். "வாட்ச்மேனத் திட்டித்தான்," என்றேன். சிரித்தார்கள். அது முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. அது மூலக்குளத்தில் ஒரு மதாம் வீட்டுக் குளத்தின் கதை.

அதற்கு முன்னால் ஆல்பர்ட் சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். சத்தம் போட்டுப் பேசி நான் அவரைப் பார்த்ததில்லை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால்தானோ என்னவோ, தகராறு பிடித்த வேலைக்கெல்லாம் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். ஒரு குளத்துக்குப் போனால் முதலில் தண்ணீர் சோதிக்கிற மீட்டரைத் தொடமாட்டார். கரையில் நின்று கண்ணை மூடி மோந்து பார்ப்பார். "குளோரின் வாசன தூக்குதா? அப்ப குளோரின் பத்தலன்னு அர்த்தம்" என்பார். கேட்கிறவர்கள் கிண்டல் என்று நினைத்துக்கொள்வார்கள். அது கிண்டல் இல்லை. வேர்வையும் எண்ணெயும் சேர்ந்து குளோரினைத் தின்று முடித்த பிறகு மிச்சமிருக்கிற கழிவுதான் அந்த நாற்றம். கண்ணை எரிக்கிறதும் தோலை அரிக்கிறதும் அதுதான்.

இன்னொரு வழக்கமும் அவரிடம் இருந்தது. வேலை முடிந்ததும் சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுப்பதற்கு முன்னால், மிஷின் மாட்டினவன் குளத்தில் இறங்கவேண்டும். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து வைத்திருந்துவிட்டு மேலே வரவேண்டும். அவர் கண் டாக்டர் போல எங்கள் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். சிவந்திருந்தால் சாவி கொடுக்கமாட்டார். துண்டும் மாற்றுத் துணியும் இல்லாமல் வேலைக்குப் போன ஃபிட்டர் எங்கள் கம்பெனியில் யாரும் கிடையாது.

இனி மதாம். பிரெஞ்சு வழக்கத்து வீட்டு அம்மாக்களைப் பாண்டியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இவர் பெயர் ஜோசெபின். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். மூலக்குளத்தில் வீடும் பின்னால் ஒரு நீச்சல் குளமும் கட்டிவிட்டு, அதில் அதிக நாள் நீந்தக் கொடுத்துவைக்காமல் போய்ச்சேர்ந்துவிட்டார். மதாம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அந்த விசிலோடு மார்க்கெட்டுக்கும் மாதா கோயிலுக்கும் போவார் என்று ஆல்பர்ட் சார் சொல்வார். கோயில் விஷயம் உண்மையா என்று தெரியாது.

அவர் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவள் அஞ்சலை. கனகசெட்டிக்குளத்துக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு குப்பத்துக்காரி. விடியுமுன் கரையில் மீன் ஏலம் எடுத்து, வேனில் டவுனுக்கு வந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக விற்பவள். சுனாமியில் அவளுடைய நாத்தனார் போய்விட்டாள். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கரையில் மீன் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். அலை அடித்துக்கொண்டு போனதில் அஞ்சலை கைக்கு ஒரு வீட்டு ஜன்னல் கம்பி கிடைத்தது, நாத்தனாருக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் ஏலத்துக்குக் கூட ஈர மணலில் கால் வைக்கமாட்டாளாம். மேட்டில் நின்றுகொண்டே விலை கேட்பாளாம்.

இதைக் கேட்ட மதாம், "ஒனக்கு நீந்தத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் என்னா ஆம்பளையா மதாம்? எங்கூட்டு ஆம்பளைங்க நடக்கறதுக்கு முன்னாடி நீந்துவாங்க. எங்களுக்குக் கூடை தூக்கத்தான் தெரியும்" என்றாளாம் அஞ்சலை.

கடலோரத்தில் பிறந்த பெண்களுக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்கும் மதாம் இதைச் சொன்ன அன்றைக்குத்தான் தெரிந்தது. மதாம் விடவில்லை. அஞ்சலையையும் அவள் ஊர்ப் பெண்கள் இன்னும் சிலரையும் வீட்டுக்கு வரச்சொன்னார். கிழமை வெள்ளி. அன்றைக்குப் பாதி ஊர் கவுச்சி தொடாது. மீன் வியாபாரம் மந்தம். கூடை தூக்குகிறவர்களுக்கு ஓய்வு. மீன் ஏற்றுகிற அதே வேனைக் கழுவிவிட்டு அதில் வந்து இறங்கினார்கள். மதாம் தையல்காரரிடம் சொல்லி எல்லோருக்கும் முழங்கால் மூடுகிற மாதிரி நைலானில் உடுப்பு தைத்துக் கொடுத்தார். அன்றைக்கு அந்த வீட்டு கேட்டுக்குள் ஆண்வாடை கூடாது. பக்கத்து மாடிகளிலிருந்து தெரியாதபடி குளத்தைச் சுற்றித் துணி கட்டி மறைத்தார்கள். வாட்ச்மேனைக்கூடத் தெருமுனை டீக்கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

கஷ்டம் வந்தது அரிப்பு ரூபத்தில். ஒரு கிழவர் காலையில் நீந்துவதற்காகக் கட்டிய குளம் அது. அதில் ஒரு வேன் நிறைய ஆள் இறங்கினால் தாங்குமா? வாட்ச்மேன் ப்ளீச்சிங் பவுடரைக் கையால் அள்ளிக் கொட்டுவார். கலங்கினால் இன்னொரு கை. பெண்களுக்குக் கண் சிவந்தது. கையில் தோல் உரிந்தது. சொறி பிடித்த கையால் மீனை எடுத்துக் கொடுத்தால் யார் வாங்குவார்கள்? அஞ்சலையிடம் வழக்கமாக வாங்குகிற வீடுகளிலேயே "நாளைக்கு வா" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். விஷயம் குப்பத்துப் பஞ்சாயத்துக்குப் போனது. பொம்பளைகள் நீச்சல் கற்றுக்கொண்டு என்ன கடலுக்கா போகப்போகிறார்கள், பிழைப்பில் மண் விழுகிறது, நிறுத்துங்கள் என்றார்கள். மதாம் நேரில் போய், தண்ணீரைச் சரிசெய்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார். அங்கிருந்துதான் நேராக எங்கள் கம்பெனிக்கு வந்தார்.

உப்பு மிஷின் அப்போது பாண்டிக்குப் புதிது. பெரிய ஓட்டல்களில் ஒன்றிரண்டு இருந்தன. வீட்டுக் குளத்தில் நாங்கள் மாட்டியதில்லை. விஷயம் எளிமையானதுதான். குளத்துத் தண்ணீரில் கொஞ்சம் உப்பைக் கரைத்துவிட வேண்டும். பம்பு அந்தத் தண்ணீரை வடிகட்டி வழியாகத் தள்ளி, கடைசியில் ஒரு சின்னப் பெட்டிக்குள் அனுப்பும். பெட்டிக்குள் தகடுகள். அவற்றில் கரண்டு பாயும்போது உப்பிலிருந்து குளோரின் பிறக்கும். அது தன் வேலையை முடித்துவிட்டு மறுபடி உப்பாகிவிடும். கையால் அள்ளிக் கொட்டுகிற வேலை இல்லை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே அளவில் கிடைத்துக்கொண்டிருக்கும்.

மாட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. தண்ணீர் குளத்துக்குத் திரும்புகிற குழாயில், எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் அந்தப் பெட்டி வரவேண்டும். குழாயை அளந்து, அறுத்து, பிசிறு சுரண்டி, கழற்றி மாட்டுகிற இணைப்பு வைத்து ஒட்டினேன். சுவரில் கண்ட்ரோல் பெட்டி. பம்பு ஓடினால் மட்டும் அதற்குக் கரண்டு வரும்படி இணைப்பு கொடுத்தேன்; தண்ணீர் ஓடாமல் தகட்டில் கரண்டு பாய்ந்தால் உள்ளே வாயு சேர்ந்து பெட்டி வெடித்துவிடும். அதற்கு மேலும் காவலாகக் குழாய்க்குள் ஒரு சுவிட்ச். தண்ணீரின் ஓட்டம் குறைந்தால் அதுவே மிஷினை நிறுத்திச் சிவப்பு விளக்கை எரியவிடும். அப்புறம் எர்த். எர்த் விஷயத்தில் ஆல்பர்ட் சார் என்னை நம்பியதே இல்லை. ஒவ்வொரு முறையும் குனிந்து தானே இழுத்துப் பார்ப்பார்.

உப்பு மூட்டைகளைப் பிரித்துக் கரையோரமாகக் கொட்டிக்கொண்டிருந்தபோது அஞ்சலை மீன் கூடையோடு வந்தாள். அதுதான் நான் அவளை முதலில் பார்த்தது. கூடையை இறக்கிவைத்துவிட்டு உப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத்தினி உப்பு போட்டா நாங்க கருவாடாயிடுவோமேண்ணே" என்றாள்.

"கடல்ல இருக்கறதுல பத்துல ஒரு பங்குதாம்மா" என்றேன்.

நம்பவில்லை. மறுநாள் உப்பெல்லாம் கரைந்த பிறகு வந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். "எங்கூட்டு கொழம்புல இதவிட உப்பு தூக்கலா இருக்கும்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இன்னோரு தபா யாருக்குனா அரிச்சிதுன்னா பஞ்சாயத்துல வுடமாட்டாங்கண்ணே. எனக்குத் தல தண்ணிக்குள்ள போனா இன்னும் மூச்சு நிக்குது. பாதில வுட்டா மறுபடி வரமாட்டேன். என்ன எனக்குத் தெரியும்."

அவள் மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. இருக்கிற நிலையைச் சொன்னாள். நான் குளத்தில் இறங்கிக் கண்ணைத் திறந்துவிட்டு வந்தேன். ஆல்பர்ட் சார் இமையை இழுத்துப் பார்த்தார். துளிச் சிவப்பு இல்லை. சாவியை மதாமிடம் கொடுத்தோம். பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்தப் பெருமை சனிக்கிழமை காலை வரை நீடித்தது. வாட்ச்மேன் போன் செய்தார்: சிவப்பு விளக்கு எரிகிறது. போனேன். தண்ணீர் லேசாக மங்கியிருந்தது. வடிகட்டியைத் திருப்பி ஓடவிட்டுக் கழுவினேன், பச்சை விளக்கு வந்தது. சுவிட்ச்தான் கோளாறு என்று நினைத்துப் புதிது மாட்டினேன். வாரம் முழுக்கப் பச்சை. அடுத்த சனிக்கிழமை மறுபடி சிவப்பு. இந்த முறை, வால்வைத் திருகிவிட்டது நீதானே என்று வாட்ச்மேனிடம் எரிந்து விழுந்தேன். "நான் டீக்கடைல இருந்தேன் சார். டீக்கடைக்காரரக் கேளுங்க" என்றார் அவர். கேட்டேன். இருந்திருக்கிறார். அந்த வாரம் ஒரு பெண்ணுக்குக் கண் சிவந்துவிட்டது. செய்தி குப்பத்துக்குப் போய்விட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை பஞ்சாயத்தில் ஒரு பெரியவரே நேரில் வருகிறார், அன்றைக்கு என்ன பார்க்கிறாரோ அதுதான் முடிவு என்று மதாம் போனில் சொன்னார். அவர் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதில்லை.

எனக்கு மிஷின்மேல் பழிவாங்கும் வெறியே வந்துவிட்டது. தகடுகளைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தன. உப்பு சரி. கரண்டு சரி. கடைசியாக வடிகட்டியின் தலையைத் திறந்தேன். மணல் பொலபொலவென்று இருக்க வேண்டும். இதுவோ மேலே அடை தட்டிய மாதிரிக் கட்டிப்போயிருந்தது. தொட்டால் பிசுக்கு. இதற்குள் தண்ணீர் எப்படி நுழையும்? ஓட்டம் குறைய, சுவிட்ச் தன் கடமையைச் செய்து மிஷினை நிறுத்தியிருக்கிறது. நான் புத்திசாலி என்று கழற்றி எறிந்த பழைய சுவிட்ச் பாவம், அதன்மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் எந்தப் பிசுக்கு, எங்கிருந்து என்று புரியவில்லை. பம்பிலிருந்து கிரீஸ் கசிகிறதா? ஒரு கட்டியைப் பாலிதீன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி சகுந்தலா வந்தாள். சோறு வைக்கிற இடத்தில் இது என்ன என்று திட்டிக்கொண்டே எடுத்தவள், மோந்து பார்த்தாள்.

"இது எதுக்கு ஒங்களுக்கு? நம்மூட்டு ஜலதாரைல அள்ளுனீங்களா?"

"ஏன்?"

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான் தல முழுகுனா அடைச்சிக்குமே, அந்தப் பிசுக்குதான. நல்லெண்ணெயும் மஞ்சளும்."

மற்ற நாள் மீன், வெள்ளிக்கிழமை ஓய்வு. ஓய்வு நாளில் சுமங்கலிப் பெண்கள் என்ன செய்வார்கள்? விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகி, முகத்திலும் கையிலும் காலிலும் மஞ்சள் பூசிக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவார்கள். ஒரு வேன் நிறைய மஞ்சளும் எண்ணெயும் நேராகக் குளத்தில் இறங்கியிருக்கிறது. ஆண்வாடை கூடாது என்று எங்களை வெளியே நிறுத்திவிட்டதால் ஒருவரும் பார்க்கவில்லை. மதாம் பார்த்திருக்கிறார், அது அவர் கண்ணில் அழகாகத்தான் பட்டிருக்கும்.

மறுநாள் மதாம் வீட்டு முன்னறையில் ஆல்பர்ட் சார், மதாம், அஞ்சலை, நான் நாலு பேரும் உட்கார்ந்தோம். நான் வழக்கம்போல அவசரப்பட்டுப் போட்டு உடைத்தேன்: எண்ணெயும் மஞ்சளும்தான் தண்ணீரைக் கெடுக்கிறது, அதை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று.

அஞ்சலை முகம் மாறிவிட்டது. "அப்ப எங்க மேலதான் அழுக்குன்னு சொல்றீங்களாண்ணே?"

எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆல்பர்ட் சார்தான் பேசினார். "மஞ்சள அழுக்குன்னு யாரும் சொல்லமாட்டாங்கம்மா. அது ஒன் மொகத்துல இருந்தா லட்சணம். மணலுக்குள்ள போனா மணலுக்குத் தெரியல, அவ்ளோதான்."

"அலோர், கிழமய மாத்திடலாம்" என்றார் மதாம். 'அப்படியானால்' என்பதை அவர் பிரெஞ்சில்தான் சொல்வார். "புதன்கிழம வாங்களேன்."

"புதன்கிழம கூடையத் தூக்கலன்னா யார் மதாம் அடுப்பு எரிப்பாங்க?"

"அப்ப வெள்ளிக்கிழம மட்டும் பூசிக்காம வாங்க."

"எங்கூட்டுக்காரரு கடல்ல இருக்காரு மதாம்" என்றாள் அஞ்சலை. குரல் உயரவில்லை. "வெள்ளியும் அதுவுமா மஞ்ச இல்லாத மூஞ்சியோட நான் இருந்தா எங்க மாமியா மனசு என்னா பாடுபடும்? ஏற்கனவே கடலுக்கு ஒரு பொண்ணக் குடுத்துட்டு நிக்குது."

மதாம் விசிலைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். ஆல்பர்ட் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். அவர் யோசிக்கிறார் என்றால் அதுதான் அடையாளம். நடுவில் பேசினால் பிடிக்காது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மத்த நாள்ல எப்பம்மா கெளம்புவீங்க?" என்று அஞ்சலையிடம் கேட்டார் ஆல்பர்ட் சார்.

"கருக்கல்ல. ஏலம் வுடறப்பவே போவணும்."

"குளிச்சிட்டா?"

"எங்க சார் குளிக்கறது? மீன் வித்துட்டு வந்துதான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு மதாமைப் பார்த்துக் கேட்டாள்: "இங்க பின்னாண்ட அடுப்பு மூட்டி வென்னி வெக்க எடம் இருக்குதா மதாம்?"

மதாமுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அவள் விளக்கினாள். வேலைக்குக் கிளம்புகிற மாதிரியே குளிக்காமல் கிளம்பி வருவது. வந்து சோப்புப் போட்டு ஒரு குளியல், உடனே நீச்சல். முடிந்ததும் இங்கேயே எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுத் தலை முழுகி, மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போவது. "வூட்டுக்குள்ள மஞ்சளோட நொழஞ்சா போதும். மாமியாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள்.

ஆல்பர்ட் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மிஷின் ஃபிட்டர் சார், குளியலறை கட்டுகிறவன் இல்லை என்று முணுமுணுத்தேன். "இந்தத் தண்ணி எங்க தொடங்குதோ அங்கேருந்து நம்ம வேலதான்" என்றார் அவர். அதற்கு மேல் அவரிடம் வாதாட முடியாது.

அந்த வாரம் நான் பாடுபட்ட மாதிரி வேறு எந்த வேலைக்கும் பட்டதில்லை. வடிகட்டியில் இருந்த மணலை முழுக்க வாரிக் கொட்டிவிட்டுப் புது மணல் போட்டேன். பின்பக்கக் காம்பவுண்டை ஒட்டித் தகரக் கூரை இறக்கினோம். மேல்தொட்டியிலிருந்து குழாய் இழுத்து வரிசையாகப் பைப்பு வைத்தேன். விறகு போட்டு எரிக்கிற செம்புப் பாய்லர் ஒன்றை மதாம் தன் சொந்தக்காரர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும்படி வாய்க்கால் வெட்டினேன். எல்லாம் முடிந்ததும் அஞ்சலை வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "மஞ்ச ஒரைக்கக் கல்லு எங்கண்ணே?" என்றாள். குழாய், வால்வு, எர்த் எல்லாம் யோசித்த எனக்கு அது தோன்றவே இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கல் வாங்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை பஞ்சாயத்துப் பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வெயிலில் காய்ந்து கறுத்த முகம். அவரையும் உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். ஆல்பர்ட் சார் அவரோடு வலையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. உள்ளேயிருந்து விசில் சத்தம், தண்ணீர் அடிக்கிற சத்தம், சிரிப்பு, மதாம் பிரெஞ்சில் அதட்டுவது எல்லாம் கேட்டது. பிறகு பாய்லர் புகை எழுந்தது. சீயக்காய் வாசனை தெருவுக்கு வந்தது.

ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். ஈரத் தலையில் துண்டு, முகமெல்லாம் மஞ்சள். பெரியவர் எழுந்தார். முதலில் வந்தவளைப் பார்த்து, "கையக் காட்டு" என்றார். அவள் அவருடைய தம்பி மருமகளாம். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்கை மடிப்பைப் பார்த்தார்.

"கண்ணு எரியுதா?"

"இல்ல மாமா."

"அரிக்குதா?"

"இல்ல மாமா."

இன்னும் சிலருடைய கையைப் பார்த்தார். கடைசியில் அவர் ஆல்பர்ட் சார் பக்கம் திரும்பினார். "இப்பிடி மணக்க மணக்க அனுப்புனா நாளைக்கு இவளுங்ககிட்ட யார் சார் மீன் வாங்குவான்?" என்றார். பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, வந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு, வேனில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

மறுநாள் காலை வாட்ச்மேன் போன் செய்யுமுன் நானே செய்தேன். "பச்ச சார்" என்றார். அடுத்த சனிக்கிழமையும் பச்சை. அதற்கடுத்து நான் போன் செய்வதை நிறுத்திவிட்டேன். வாட்ச்மேனுக்கு மட்டும் ஒரு நாள் அந்த டீக்கடையிலேயே டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன்.

மிஷின் நன்றாக ஓடியது. ஆனால் அந்தக் குளத்தில் அஞ்சலை நீந்தி நான் பார்த்ததே இல்லை. வெள்ளிக்கிழமைச் சட்டம் எனக்கும் உண்டல்லவா. மிதக்கிறாள் என்று மதாம் சொல்வார். அகலத்தைக் கடந்துவிட்டாள் என்பார். ஒருமுறை மார்க்கெட்டில் பார்த்தபோது அஞ்சலையே சொன்னாள்: "ஆழத்துக்குப் போனேண்ணே. கால் எட்டல. எட்டலன்னு தெரிஞ்சும் போனேன்." சங்கரா மீனின் செதிலைச் சீவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டில் போய்ச் சகுந்தலாவிடம் சொன்னேன். "பிசுக்கக் கண்டுபுடிச்சது நான்தான்னு அவகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள். சொல்லியிருக்கவில்லை. அடுத்த வாரமே போய்ச் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷமோ என்னவோ இருக்கும். மாசி முடிந்து கடல் அடங்கிக் கிடக்கிற நாட்கள். வடக்கே ஒரு விருந்தினர் விடுதியில் பம்பு வேலை. காலையில் சீக்கிரமே போய்விட்டதால் ஆட்கள் வரும்வரை கடற்கரைப் பக்கம் நடந்தேன். ஏலம் முடிந்து கரை காலியாக இருந்தது. மீன் கூடை ஒன்று ஈர மணலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு நேராக, இடுப்பளவுத் தண்ணீரில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அஞ்சலைதான்.

அவள் கை தண்ணீருக்கு அடியில் இருந்தது. அந்தக் கையின்மேல் வயிற்றை வைத்து ஒரு சிறு பெண் குப்புறப் படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மகள், முகஜாடை அப்படியே இருந்தது. குழந்தை வாயில் தண்ணீர் போய்த் துப்பியது, அழவில்லை. அஞ்சலை ஏதோ அதட்டினாள். பிறகு அடியிலிருந்த கையை மெதுவாக எடுத்தாள். குழந்தை கொஞ்சம் அமிழ்ந்து, திரும்ப மேலே வந்து, உதைத்துக்கொண்டே இருந்தது.

கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. அவள் கரைப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பவும் கூடாது. தண்ணீரில் பிள்ளை இருக்கும்போது தாயின் கண் வேறு எங்கும் போகக்கூடாது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வேலைக்குத் திரும்பினேன்.